பிணைமரத்தில் கெம்பியின் கை

அங்கயே நில்லுங்க தம்பி. வெள்ளப் பட்டையோட நீர்மருது மரம் ஒண்ணு இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துலயே நிழலா நில்லுங்க, இன்னும் கிட்ட வர வேண்டாம். இங்கிருந்து பேசினா அங்க நல்லாக் கேக்கும், எங்க சனத்துக்குத் தொண்டை பெருசு. வழி தவறி வந்துட்டீங்க போல, பரவாயில்ல, பையை இறக்கி வைங்க. என் பேரு ரங்கி. என் பின்னால நிக்கிறவங்க எல்லாம் என் சனம். அந்த மரத்தடியில ஒரு குடிசை பிரிஞ்சு கிடக்குதே, அது யாரோடதுன்னு கேட்டீங்கல்ல, சொல்றேன், முழுசாக் கேட்டுட்டுப் போங்க. பாதியில போனா எங்களைத் தப்பா நினைச்சுக்குவீங்க.

நாங்க வெதுவருங்க, மலைச் சனம். இந்தக் காட்டுக்குக் கருக்கல் காடுன்னு பேரு, உச்சி வெயில்லயும் உள்ள கருக்கல் நேரம் மாதிரியே மசங்கிக் கிடக்கும், அதனால. உள்ள ஆனை நிக்கிறது தெரியாது, தெரியுறப்ப அது கால்ல போய் முட்டியிருப்போம். தரைன்னு நம்பி மிதிச்சா உளை, இடுப்பு வரைக்கும் இழுத்துட்டுத்தான் மூச்சு விடும். மஞ்சு இறங்கிருச்சுன்னா அவனவன் காலே அவனவனுக்குத் தெரியாது. சிறுத்தை மேல இருந்து இறங்கும், கரடி கீழ இருந்து எந்திரிக்கும், பேர் தெரியாத ஒரு கொடி இருக்கு, அது சும்மாத் தொட்டதுக்கே ஒரு வாரம் உடம்பு எரியும். அப்புறம் ஏன் அங்க குடியிருந்தீங்கன்னு கேப்பீங்க. இருந்தோம், அவ்வளவுதான். தேன் அங்க இருந்துச்சு, கிழங்கு அங்க இருந்துச்சு, எங்களைப் பெத்தவங்களைப் புதைச்ச குழியும் அங்க இருந்துச்சு, வேற எங்க போறது?

ஆனா எந்த வெதுவனும் சும்மா உள்ள போனதில்ல. நீங்க நிக்கிறீங்களே அந்த மரம், அதுதான் பிணைமரம். எங்க குடியிருப்புக்கும் உள்காட்டுக்கும் அதுதான் எல்லை. உள்ள போற ஆளுக்காக வெளிய ஒரு ஆள் அந்த மரத்துல உள்ளங்கையை வெச்சு உக்காரணும். போறவன் "வருவேன்"பான், உக்கார்றவ "இருப்பேன்"பா, அதுக்கப்புறம்தான் அவன் வேரைத் தாண்டிக் கால் வைப்பான். அவன் திரும்பி வர்ற வரைக்கும் கை எடுக்கக் கூடாது. எடுத்தா அவனைக் காடு வெச்சுக்கும்னு எங்க சனத்துல நம்பிக்கை. பிள்ளைக்குப் பால் குடுக்கணும், ஒதுங்கப் போகணும்னா இன்னொருத்தங்க அதே இடத்துல கையை வெச்சு மாத்திவிடலாம், அதுல தப்பில்ல. பொண்ணு பாக்க வந்தா எங்க ஆளுங்க மாடு இருக்கா, மனை இருக்கான்னு கேக்க மாட்டாங்க, "பையனுக்கு இருக்க ஆள் உண்டா"ன்னுதான் முதல்ல கேப்பாங்க. இருக்க ஆள் இல்லாதவன் உள்ள போக முடியாது, உள்ள போகாதவனுக்குத் தேன் இல்ல, தேன் இல்லாதவனுக்கு எவ வருவா?

சடையன்னு ஒருத்தன் இருந்தான். கெட்டவன் இல்ல. எதைக் கேட்டாலும் பாப்போம்பான், எதைச் சொன்னாலும் செய்யலாம்பான், கூரைக்குப் புல்லு வேயணும்னா ரெண்டு மழைக்காலம் அண்ணாந்து பாத்துக்கிட்டே நிப்பான், அந்த மாதிரி ஒரு ஆளு. அவன் பொண்டாட்டிதான் கெம்பி. அவ நேர் எதிரு, வாய் கத்தி, கை காத்து. அவ வயித்துல பிள்ளை இருந்த சமயம், கடுந்தேன் எடுக்க இவன் உள்ள கிளம்பினான். "வருவேன்"னான். "இருப்பேன், சீக்கிரம் வா, இடுப்பு கடுக்குது"ன்னா அவ. இடது கையை மரத்துல வெச்சு உக்காந்தா.

அவன் வரலீங்க.

பொழுது இறங்குச்சு, விடிஞ்சுச்சு, மறுபடி இறங்குச்சு. நாங்க தீப்பந்தத்தோட மரத்தடியில நின்னு கூப்பிட்டுப் பாத்தோம், காடு எங்க குரலையே எங்களுக்குத் திருப்பிக் குடுத்துச்சு. இப்படி நடக்கறதுதான், எத்தனையோ குடும்பத்துல நடந்திருக்கு. மூணாவது விடியல்ல மூப்பர் வந்து, இருந்தவ தோளைத் தொட்டு, "போதும்மா, எந்திரி"ன்னு சொல்லுவாரு, அவ கையை எடுப்பா, அழுவோம், குளிப்பாட்டுவோம், அதோட முடிஞ்சுச்சு. எங்க மூப்பர் கோணான் அப்படித்தான் வந்து கெம்பி தோளைத் தொட்டாரு. கெம்பி எந்திரிச்சா. கை எந்திரிக்கல.

மரம் கையைப் பிடிச்சுக்கிச்சு. பட்டைக்கும் உள்ளங்கைக்கும் நடுவுல ஒரு மயிரிழை நுழையற இடம் இல்ல. வெந்நி ஊத்தினோம், இலுப்பை எண்ணெய் ஊத்தினோம், நானே அவ இடுப்பைக் கட்டி இழுத்தேன், தோல் கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு, மரத்துல இருந்தும் அதே நிறத்துல பால் வந்துச்சு. அப்ப சடையனைப் பெத்த நாகத்தா நடுவுல வந்து விழுந்தா. "எவளாவது பிரிச்சீங்க, கொன்னுபோடுவேன். மரம் ஏன் பிடிக்குது? திரும்பி வரப்போறவனுக்குத்தான் பிணை. என் மகன் உசிரோட இருக்கான், வரணும்னு நினைக்கிறான், அதான் பிடிக்குது. செத்தவனுக்கு எந்த மரமாவது ஆளை உக்கார வைக்குமா?"ன்னா. யோசிச்சுப் பாருங்க, அதுல என்ன தப்பு இருக்கு? எல்லாரும் தலையாட்டினோம். கெம்பியும் ஆட்டினா. புருசன் உசிரோட இருக்கான்னா எந்தப் பொண்ணுக்குத்தான் சந்தோசம் இல்ல? "சரி அத்தே, வந்துருவாக, இருக்கேன்"ன்னு சொல்லிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டா.

அப்புறம் என்ன, ஒரு மனுசி வெயில்லயும் மழையிலயும் மரத்தோட நிக்கிறா, நாங்க என்ன பாத்துக்கிட்டா இருப்போம்? மரத்தைச் சுத்திக் குடிசை போட்டோம், கூரைக்கு நடுவுல மரம் போற மாதிரி வாய் விட்டு, மழைத்தண்ணி இறங்காம மெழுகு பூசி. வலது கை எட்டுற தூரத்துல அடுப்பு. வலது கை எட்டுற தூரத்துல தண்ணிப்பானை. சாஞ்சு தூங்க மூங்கில் தட்டி. அவளுக்கு வலி எடுத்தப்ப நான்தான் பிடிச்சேன். ஒரு கை மரத்துல, ஒரு கை என் கழுத்துல, குந்தி உக்காந்து முக்கிப் பெத்தா, பொம்பளப் பிள்ளை. தும்பின்னு பேர் வெச்சோம். தூளியை மரத்துக் கிளையிலயே கட்டினோம், மரம் ஆடினா தூளியும் ஆடும், தாய் ஆட்ட வேண்டிய வேலையே இல்ல. கீழ ஊர்ல இருந்து ஊசி போடுற நர்சம்மா ஒருக்கா வந்துச்சு, பாத்துட்டு, "இன்னொரு கையை நீட்டும்மா"ன்னு சொல்லி ஊசியைப் போட்டுட்டுப் போயிருச்சு. மரத்தை வெட்டலாமான்னு காட்டு வாச்சரைக் கேட்டோம், "பச்சை மரத்தை வெட்டினா ஜெயில்ல தூக்கிப் போட்டுருவாங்க"ன்னாரு. நியாயம்தானே.

கெம்பி முதல்ல என்னைத்தான் கேட்டா. என்னைப் பாத்து அக்கான்னுதான் கூப்பிடுவா. "அக்கா, ஒருக்கா உன் கையை வையேன், மாத்திப் பாப்போம், விட்டாலும் விடும். ஓடையில போய் முழுசா ஒரு முழுக்கு முழுகிட்டு ஓடி வந்துர்றேன், அவ்வளவுதான்." எனக்கு அன்னைக்கு இடுப்பு வலி. "நாளைக்குப் பாப்போம்டி"ன்னேன். மறுநாளும் எனக்கு இடுப்பு வலிச்சுச்சு. அது என்ன பொய்யா? இன்னைக்கும் வலிக்குது. என்னை மட்டும் முறைக்காதீங்க தம்பி, குடியில வேற யாரும் கையை வெச்சாங்களான்னு கேளுங்க. நாகத்தா வெச்சாளா? மூப்பர் வெச்சாரா? அவங்கவங்களுக்கு அவங்கவங்க சோலி.

இதுக்கு நடுவுல பெத்தான்னு ஒரு ஒண்டிக்கட்டை. தாய் இல்ல, தமக்கை இல்ல, எவளும் அவனைக் கட்டிக்கல, இருக்க ஆள் இல்லாததால தேன் பருவத்துல மத்தவன் மாட்டை மேய்ச்சுத் திங்கிறவன். அவன் ஒரு காலையில மரத்தடிக்கு வந்து தலையைச் சொறிஞ்சுக்கிட்டே கெம்பியைக் கேட்டான். "நீ எப்படியும் இருக்கத்தானே இருக்கே? எனக்கும் சேத்து இருந்துரேன்." அவளுக்கு இரக்கம். "போய்ட்டு வா அண்ணே"ன்னா. அவன் "வருவேன்"னான், இவ "இருப்பேன்"னா, அவன் உள்ள போனான், சாயங்காலம் ரெண்டு குடம் தேனோட வந்தான். வழியில கொம்பன் ஆனை ஒண்ணு அவனை மோந்து பாத்துட்டு ஒதுங்கிப் போயிருச்சாம். உளை அவன் காலை ஏந்தித் திருப்பி வெச்சுச்சாம். கொடி தன்னால விலகுச்சாம்.

பொறவு சும்மா இருக்குமா சனம்? அடுத்த நாள் நாலு பேர், அதுக்கடுத்த நாள் பாதிக் குடி. கெம்பியை மரம் பிடிச்சிருக்கு, பிடிச்ச கை விடாது, விடாத கைக்குப் போன ஆள் சாகாது, இதான் எங்களுக்குப் புரிஞ்ச கணக்கு. அன்னையில இருந்து கருக்கல் காட்டுல ஒரு வெதுவன் சாகல. ஒருத்தன்கூட! எங்க பொண்ணுங்க மரத்துல கையை வெச்சுக்கிட்டு வயித்துல நெருப்போட உக்காந்திருந்த காலம் போச்சு. என் மகன் போனான், வந்தான், நான் அந்த நேரத்துல சாமை புடைச்சேன், பக்கத்து வீட்டுல போய்ச் சிரிச்சுப் பேசினேன், மதியம் ஒரு தூக்கம் போட்டேன். பெத்தானுக்குக் கல்யாணம் ஆச்சு. எல்லாருக்கும் மரத்தடியிலதான் கல்யாணம், அவ பாக்கட்டும்னு. எந்தத் தேனடையானாலும் முதல் துண்டு அவளுக்கு. புதுச்சேலை வந்தா முதல்ல அவளுக்கு. மகராணி மாதிரி வெச்சிருந்தோம் தம்பி, யாரை வேணும்னாலும் கேளுங்க.

முதல்ல எல்லாம் நின்னு சொல்லிட்டுப் போனோம், அவளும் பதில் சொல்லுவா. அப்புறம் நடந்துக்கிட்டே சொன்னோம். அப்புறம் அவ பதில் சொல்லுறதுக்குள்ள நாங்க வேரைத் தாண்டியிருப்போம். கொஞ்ச வருசத்துல அவ பதில் சொல்லுறதையே நிப்பாட்டிட்டா, நாங்களும் அதைக் கவனிக்கல. ஒரு நாள் அவ கத்தினா. "எல்லாரும் ஒரு நாளைக்கு வெளிய இருங்க. ஒரே ஒரு நாள். அவுக மட்டும்தான் உள்ளயா, இல்ல நீங்களும் சேந்துதான் என்னை இழுத்துப் பிடிச்சிருக்கீங்களான்னு பாக்கணும்." மூப்பர் பக்குவமா எடுத்துச் சொன்னாரு, "பருவம் முடியட்டும்மா"ன்னு. தேன் முடிஞ்சா கடுக்காய், கடுக்காய் முடிஞ்சா கிழங்கு, கிழங்கு முடிஞ்சா துடைப்பத்துக்குச் சீமாத்துப் புல்லு. காடுன்னா எப்பவும் ஏதாவது ஒரு பருவம் இருக்கும்ல?

வருசம் ஓடுச்சு. அவ இடது கை மெலிஞ்சு மரத்து நிறத்துக்கே வந்துருச்சு, முழங்கை வரைக்கும் பாசி. மழைக்காலத்துல இருமினா மேல இலை உதிரும். ஒரு தடவை காய்ச்சல் கண்டு கண்ணு சொருகிக் கிடந்தா, அன்னைக்கு உள்ள போனவங்க எல்லாம் வழி தெரியாம தடுமாறி, ஒருத்தன் கரடிகிட்ட முதுகைக் குடுத்துத் தப்பிச்சு வந்தான். இவ போயிட்டா? மூப்பர் வீட்டுல கூடிப் பேசினோம். பேச்சு சுத்திச் சுத்தி வந்து ஒரே இடத்துல நின்னுச்சு. தும்பி வளந்துட்டா, வயசுக்கும் வந்துட்டா. மரத்தடியிலயே பொறந்த பிள்ளை, மரத்துப் பாலும் தாய்ப்பாலும் ஒண்ணாக் குடிச்ச பிள்ளை, அவ கையை மரத்துக்குப் பழக்கம். தாய் இருக்கும்போதே மாத்திக்கிட்டா நல்லது. தேன் பருவம் தொடங்குற அன்னைக்கு மாத்திரலாம்னு முடிவாச்சு. புதுச்சேலை எடுத்தோம், குடிசைக்குப் புதுக்கூரை வேய்ஞ்சோம், குறைன்னு சொல்லப்படாது.

நான்தான் போய் கெம்பிகிட்டச் சொன்னேன். நல்ல சேதிதானே, இத்தனை வருசம் கழிச்சு எந்திரிக்கப் போறா. அவ என்னை நிமிந்து பாத்தா. "அக்கா, நான் இத்தனை வருசம் இருந்தது எதுக்குன்னு தெரியுமா? முதல்ல அவுகளுக்காக. அப்புறம் அவுக மேல வெறுப்பு வந்துருச்சு. அதுக்கப்புறம் நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தது இவ ஒருத்திக்காக, இவ ஓடியாடித் திரியட்டும்னு. இவ கையை அங்க கொண்டுபோனீங்க, என் பல்லால என் கையைக் கடிச்சு அறுத்துட்டு வந்து உங்க அத்தனை பேரையும் கொல்லுவேன்." தும்பி பக்கத்துலதான் நின்னா. அவ மெதுவா, "அம்மா, நான் வெக்கிறேன்மா, நீ கொஞ்சம் நடந்துட்டு வா"ன்னா. கெம்பி வலது கையால அந்தப் பிள்ளையை ஓங்கி ஒரு அறை விட்டா, விட்டுட்டு, அதே கையால இழுத்து அணைச்சு ஒப்பாரி வெச்சா. எனக்கும் அழுகை வந்துச்சு. நானும் பிள்ளை பெத்தவதான். ஆனா என் மகனும் உள்ளதானே போகணும்?

எங்க தேனை வாங்க வர்ற வியாபாரி ஒருத்தன், இந்தச் சேதியை மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்ல ஒரு பேக்கரியில டீ குடிச்சுக்கிட்டே சொல்லியிருக்கான். அங்க பன்னு அடுக்கிக்கிட்டிருந்த ஆளு தட்டத்தைக் கீழ போட்டுட்டானாம்.

தேன் பருவத்து முதல் நாள். மாத்துற நாளுன்னு ஒருத்தரும் உள்ள போகல, மொத்தக் குடியும் மரத்தடியில. தும்பிக்குப் புதுச்சேலை கட்டி நிறுத்தியிருக்கோம். கெம்பி தன் கைக்கும் மகளுக்கும் நடுவுல உடம்பைக் குறுக்கப் போட்டு, வலது கையில அரிவாமணையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. எவனுக்கும் கிட்டப் போகத் தைரியம் இல்ல. அப்ப கீழ இருந்து ஒருத்தன் நொண்டிக்கிட்டே ஏறி வந்தான். தொப்பை போட்டு, முன்தலை வழுக்கையா, கையில ஒரு பிளாஸ்டிக் பை. நாகத்தாதான் முதல்ல கண்டுபிடிச்சா, கிழவி பறந்து போய்க் கழுத்தைக் கட்டிக்கிட்டா.

சடையன்தான். அன்னைக்கு மஞ்சுல வழி தப்பி, மலைக்கு அந்தப் பக்கம் உருண்டு, கால் ஒடிஞ்சு, யாரோ தூக்கிட்டுப் போய், கட்டுப் போட்டு, பேக்கரியில வேலை குடுத்து, அங்கயே இருந்திருக்கான். "அடுத்த மாசம் வரணும்னு நினைச்சேன் கெம்பி. பொங்கல் கழிச்சு வரணும்னு நினைச்சேன். ஒரு நாளும் வரக் கூடாதுன்னு நினைச்சதில்ல, சத்தியமா"ன்னான்.

கெம்பி அவனைப் பாத்த பார்வை இருக்கே! "ஒரு நாள், ஒரே ஒரு நாள், இனி வரமாட்டேன்னு முடிவு பண்ணியிருந்தா அன்னைக்கே என் கை வந்திருக்கும். நீ அதையும் பண்ணல. நினைச்சுக்கிட்டே இருந்திருக்கே. நீ நினைச்ச நினைப்புதான்யா என்னை இங்க கட்டிப் போட்டுச்சு." அவன் பையில இருந்து ஒரு பன்னை எடுத்து நீட்டிக்கிட்டு நின்னான், கூறு கெட்டவன். அப்புறம் ஞாபகம் வந்த மாதிரி, "வந்துட்டேன்"னான்.

சுண்டுவிரல் விட்டுச்சு. நாங்க எல்லாரும் பாத்தோம். பட்டை மெதுவா வாயைத் திறக்குற மாதிரி திறந்து சுண்டுவிரலை வெளிய விட்டுச்சு, ரோஸ் நிறத்துல, அன்னைக்குப் பொறந்த விரல் மாதிரி. கெம்பி அதையே பாத்துக்கிட்டு நின்னா. பக்கத்து விரலும் அசைஞ்சுச்சு.

எங்க நிலைமையைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க தம்பி. கண்ணு முன்னால எங்க உசுரு கழண்டுக்கிட்டிருக்கு. நாளைக்கு யார் இருப்பா? யார் பிள்ளை ஆனைக்கு, யார் புருசன் உளைக்கு? மூப்பர் கோணான் எங்க முகத்தை எல்லாம் ஒரு சுத்துப் பாத்தாரு. அப்புறம் ஒண்ணுக்குப் போற மாதிரி சாதாரணமா நடந்து, "இந்தா வந்துர்றேன்"னு முனகிக்கிட்டே வேரைத் தாண்டி உள்ள போய் நின்னாரு.

விரல் நின்னுருச்சு. எங்களுக்கு அப்பத்தான் நெஞ்சுல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. கெம்பி திரும்பி அவரைப் பாத்தா, "மூப்பரே, வெளிய வாங்க"ன்னு கெஞ்சினா, "என் சாமி, வெளிய வாங்க, உங்க காலைப் பிடிச்சுக்கிறேன்"னு கதறினா. சடையன் பன்னைப் பிடிச்சுக்கிட்டே வேடிக்கை பாத்தான். நாகத்தாகூட, "விடுங்கடா அவளை, என் மகன்தான் வந்துட்டானே"ன்னு மண்ணை வாரித் தூத்துனா. அவளுக்கு என்ன, அவ காரியம் முடிஞ்சுருச்சு.

பெத்தான்தான் சொன்னான், "மூப்பர் எத்தனை நேரம் நிப்பாரு? வயசானவரு. வெளிய வந்தா மறுபடி கை கழலும்ல?" சரியான பேச்சு. பெத்தான் உள்ள போனான். அவன் பொண்டாட்டி போனா. என் மகன் போனான், மகன் போனா நான் போகாம இருக்க முடியுமா, நானும் போனேன். ஒருத்தர் பின்னால ஒருத்தரா, கைப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு, நாயை இழுத்துக்கிட்டு, மொத்தக் குடியும் வேரைத் தாண்டினோம். உள்ள நின்னு மூப்பர் சத்தமாச் சொன்னாரு: "கெம்பி, நல்லாக் கேட்டுக்க. தும்பி கையை வைக்கிற வரைக்கும் இதுல ஒருத்தரும் வெளிய வர மாட்டோம். வருசமானாலும் வர மாட்டோம். இங்கயே சமைப்போம், இங்கயே படுப்போம். நீயா, உன் மகளா, நீயே முடிவு பண்ணிக்க." நாங்க எல்லாரும் ஆமாம்னோம். மனசாரத்தான் சொன்னோம்.

மோதிர விரல் விட்டுச்சு. நடுவிரல் விட்டுச்சு. ஆட்காட்டி விரலும் விட்டு, கடைசியா கட்டைவிரல், அப்புறம் முழு உள்ளங்கையும், ஈரத்துணியை உரிச்ச மாதிரி ஒரு சத்தத்தோட வந்துருச்சு. கெம்பி பின்னால சாஞ்சு விழுந்தா, தும்பி பிடிச்சுக்கிட்டா. அவ அந்தக் கையை மடக்கி மடக்கி நீட்டிப் பாத்தா. மகள் முகத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சா, அத்தனை வருசத்துல முதல் முறையா. எனக்கு இங்கிருந்தே நல்லாத் தெரிஞ்சுச்சு.

"எப்படிடி விட்டுச்சு? நாங்கதான் உள்ள நிக்கிறோமே!"ன்னு நான் கத்தினேன்.

அவ எந்திரிச்சு நின்னு, குழந்தைக்குச் சொல்ற மாதிரி நிதானமாச் சொன்னா. "திரும்பி வர்றவங்களுக்குத்தான்க்கா பிணை. நீங்கதான் வர மாட்டோம்னு சொல்லிட்டீங்களே. அப்புறம் மரம் யாருக்காக என்னைப் பிடிச்சு வைக்கும்?"

அந்தச் சமயம் எங்களுக்குப் பின்னால ஒரு கிளை ஒடிஞ்ச சத்தம் கேட்டுச்சு. தம்பி, வெளிய பிணை இல்லாம உள்ள நின்ன வெதுவன் எவனும் திரும்பினதா எங்க சனத்துல பேச்சே கிடையாது. அதோ மரம் தெரியுது, நீங்க தெரியிறீங்க, கல்லை விட்டெறிஞ்சா விழுற தூரம்தான், ஆனா அந்தத் தூரத்துக்குள்ள என்னென்ன கிடக்குன்னு எங்களுக்குத்தானே தெரியும்? ஒருத்தன் காலை எடுத்து வெச்சான், முட்டி வரைக்கும் உளை இழுத்துருச்சு, பத்துப் பேரு பிடிச்சு இழுத்தோம். கெம்பின்னு அலறினோம். ஒரே ஒருக்கா கையை வைம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும், நாங்க வெளிய வந்ததும் தானா விட்டுரும்னு மூப்பரே கும்பிட்டாரு.

அவ மரத்துக்கிட்டப் போய் நின்னா. சும்மா சொல்லக் கூடாது, நின்னா, யோசிச்சா, கையைத் தூக்கக்கூட செஞ்சா. அப்புறம் அந்தக் கையைத் தும்பி தோள்ல போட்டுக்கிட்டா. "உங்கள்ல ஒருத்தர் பிணை இல்லாம துணிஞ்சு வெளிய வாங்க. வந்து கையை வைங்க. மத்தவங்க எல்லாரும் பத்திரமா வந்துரலாம். கடைசி ஆள் வந்ததும் கை விட்டுரும். ஒரே ஒரு ஆள் போதும்"ன்னா. அவ்வளவு சுலபமான வழி. சொல்லிட்டு, சடையன் பக்கம் திரும்பி, "வர்றதுன்னா இப்ப வா, இல்லன்னா வரலைன்னு வாய் விட்டுச் சொல்லு"ன்னா. அவன் பையைத் தூக்கிக்கிட்டு அவ பின்னாலயே போனான், நாகத்தாளும் போனா. கெம்பி ரெண்டு கையையும் வீசிக்கிட்டு இறங்கினா. திரும்பிப் பாப்பாள்னு நின்னோம். பாக்கல.

அதுல இருந்து பேசிக்கிட்டிருக்கோம், யார் போறதுன்னு, புதுக்கூரை போட்ட அந்தக் குடிசையும் காத்துல பிரிஞ்சே போச்சு. மூப்பர் பெத்தானைச் சொல்லுறாரு, பெத்தான் என் மகனைச் சொல்லுறான், நான் பெத்தான் பொண்டாட்டியைச் சொல்லுறேன். உளைக்கும் ஆனைக்கும் மட்டும் பயம் இல்ல தம்பி. தப்பிச்சு வெளிய போய் ஒருத்தர் கையை வெச்சுட்டாங்கன்னு வைங்க. மத்தவங்க வெளிய வருவாங்கன்னு என்ன நிச்சயம்? கடைசி ஆள் உள்ளயே நின்னுட்டா? கையை வெச்ச ஆளை எங்க சனம் என்ன பண்ணும்னு எங்களுக்குத் தெரியாதா? அதான் யாரும் அசையல.

இப்பத்தான் நீங்க வந்தீங்க. நீங்க வெளியாளு, உங்களுக்கும் எங்களுக்கும் வரவும் இல்ல, வழக்கும் இல்ல. பட்டை வழுவழுன்னுதான் இருக்கும், ஒண்ணும் வலிக்காது, சின்னப் பிள்ளைங்க இருக்கு பாருங்க, பசியில கிடக்குதுங்க. நீங்க நின்ன இடத்துல இருந்து ஒரு எட்டு வெச்சா மரம். எந்தக் கையா இருந்தாலும் சரி. நாங்க ஓட்டமா ஓடி வந்துருவோம். அட, பையை எதுக்கு எடுக்குறீங்க? தம்பி, ஏன் பின்னாலயே போறீங்க?